அடுப்பில் ஏறாத பிஸ்கட்

ஆரணியில் பட்டு நூலுக்குச் சாயம் போடுகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். போட்ட சாயம் திட்டுத்திட்டாகப் போகாமல் நூலைக் காய வைக்கத் தெரிந்தவன் யார் என்று கேட்டால் எல்லோரும் என்னைத்தான் கைகாட்டுவார்கள். நானே சொல்லிக்கொள்கிறேன் என்று என் மனைவி சிரிப்பாள். சிரிக்கட்டும். அவள் உடுத்தியிருக்கிற வாடாமல்லிப் பட்டு இத்தனை வருஷத்துக்குப் பிறகும் பளபளவென்று இருக்கிறதே, அது யார் காய வைத்தது?

நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். கொப்பரைக்குக் கீழே விறகு தள்ளத் தொடங்கி, பிறகு கொதிக்கிற தண்ணீரில் நூலைப் புரட்டி, பிறகு கலர் சேர்க்கக் கற்றுக்கொண்டு, இன்றைக்கு சேவூர் போகிற வழியில் சொந்தப் பட்டறை, பக்கத்திலேயே மாடி வீடு, வாசலில் ஒரு கார். கார் ஓட்டத் தெரியாது. ஆனால் அதைத் துடைப்பதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது.

இப்படிப்பட்ட என்னிடம் வந்து என் மகள் ஒரு நாள், "நைனா, பொருளைக் காய வைக்கிற மெஷின் ஒண்ணு வாங்கணும்" என்றால் எனக்கு எப்படி இருக்கும்?

"காய வைக்கிறதுக்கு மெஷினா? எனக்கா?"

"உனக்கு இல்ல நைனா. பிஸ்கட்டுக்கு."

அவள் குக்கீஸ் என்றுதான் சொன்னாள். நான் பிஸ்கட் என்று திருத்தி எழுதுகிறேன். ஆரணிக் கடைகளில் அதற்குப் பெயர் பிஸ்கட்தான்.

விஷயம் என்னவென்றால், மகள் செய்யாறு பக்கம் ஒரு கம்பெனியில் கணக்கு வேலை பார்க்கிறாள். அதே ஆபீஸில் ஒரு பையன். இரண்டு பேருக்கும் பிடித்துப்போயிற்று. பையனைப் பற்றி விசாரித்தேன், குறை ஒன்றும் இல்லை. கொஞ்சம் ஒல்லி. அவன் அப்பாவும் தலையாட்டிவிட்டார். பாக்கி இருந்தது பையனின் அம்மா ஒருவர்தான். தெள்ளாரில் வீடு. பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். அந்த அம்மா சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. "வந்து பாக்கறேன்" என்று மட்டும் சொல்லியிருந்தார்.

எங்கள் பக்கத்து வழக்கம் தெரிந்ததுதான். பெண் பார்க்க வந்த வீட்டில் மனசு ஒப்பாவிட்டால் கை நனைக்க மாட்டார்கள். பலகாரத்தை முன்னால் வைத்தாலும், "இப்பதான் சாப்ட்டு வந்தோம்" என்று தண்ணீரைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். ஒப்பினால் ஒரு வாயாவது சாப்பிடுவார்கள். வாய்விட்டுச் சொல்ல வேண்டிய வேலையைப் பலகாரத் தட்டு பார்த்துக்கொள்ளும்.

இதில் ஒரு சிக்கல். அந்த டீச்சரம்மா சமைத்த பொருள் எதையும் சாப்பிடுவதே இல்லை. மூட்டு வலிக்காக யாரோ சொல்லி ஆரம்பித்ததாம், வலி இருக்கிறதோ போய்விட்டதோ, பழக்கம் ஒட்டிக்கொண்டுவிட்டது. எல்லாம் பச்சையாகத்தான். சோறு இல்லை, இட்லி இல்லை, காபி கூட இல்லை.

பையன் என் மகளிடம் சொல்லி அனுப்பியிருந்தான்: "அம்மா வாயால சம்மதம்னு சொல்ல மாட்டாங்க. உங்க வூட்ல ஏதாவது சாப்ட்டாங்கன்னா சரின்னு அர்த்தம்." அதற்கு முன்னால் அவனுக்காக இரண்டு வீட்டில் பார்த்திருக்கிறார்கள். இரண்டு இடத்திலும் அந்த அம்மா தண்ணீர் குடித்ததோடு சரி. இரண்டும் அத்தோடு நின்றுபோயிற்று.

"பழத்தை நறுக்கி வெச்சிடலாமே" என்றாள் என் மனைவி.

"பழம் அவங்களே கொண்டாருவாங்க. அவங்க வாழப்பழத்த அவங்க கையிலயே குடுக்கறதா?" என்றேன். பழத்தை யாரும் சாப்பாட்டுக் கணக்கில் சேர்ப்பதும் இல்லை. பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் கொடுத்தாலும் வாங்கித் தின்கிறோம். நம் அடுப்பங்கரையில் நம் கை பட்டுச் செய்த பண்டம் ஒன்று உள்ளே போகவேண்டும். அதுதான் பேச்சு.

மகள் போனைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். முகம் சிறுத்துப் போயிருந்தது. ஆபீஸில் பத்துப் பேரை அதட்டுகிற பெண், அன்றைக்குக் கெஞ்சுகிற மாதிரி போனை என் பக்கம் நீட்டினாள். "நைனா, இதுல இருக்கு பாரு. அடுப்பே வோணாமாம். அரைச்சுத் தட்டி அந்த மெஷின்ல வெச்சா பிஸ்கட் மாதிரி காஞ்சிடுமாம். அவங்க வீட்லயும் அதத்தான் சாப்பிடுவாங்களாம். மெஷின் ஆர்டர் போட்டா வர்றதுக்குள்ள அவங்க வந்துட்டுப் போயிடுவாங்க."

"மெஷினை விடு. ஈரம் போவணும், அவ்வளவுதானே? நான் இருக்கேன்."

"நைனா, நாப்பத்திரெண்டு டிகிரிக்கு மேல சூடு போச்சின்னா அது பச்சை இல்லையாம்."

இதைக் கேட்டு எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. சித்திரை மாதத்தில் மத்தியானம் ஆரணி பஸ் ஸ்டாண்டில் நின்று பார்த்தால் தெரியும். இந்தக் கணக்குப்படி எங்கள் ஊரில் பச்சையாக ஒரு மனுஷனும் மிச்சமில்லை. எல்லோரும் வெந்தவர்கள்தான்.

ஆனால் அது ஐப்பசி. வெயிலும் கிடையாது.

மறுநாள் அடுப்பங்கரையில் ஒரு பஞ்சாயத்து நடந்தது. என் மனைவி டப்பாக்களை ஒவ்வொன்றாக இறக்கினாள். மகள் போனை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் தள்ளினாள்.

"பொட்டுக்கடலை?"

"வறுத்தது."

"அவல்?"

"அதுவும் சூடு காட்டித்தாம்மா இடிக்கிறாங்க."

"வெல்லம்? வெல்லத்துல இன்னாடி குத்தம்?"

"கரும்புச் சாறைக் காய்ச்சித்தானே வெல்லம்?"

"முந்திரி? அது கொட்டைடி, மரத்துல காய்க்கறது!"

"ஓட்டோட சுட்டோ அவிச்சோதான் எடுக்கறாங்களாம்மா."

என் மனைவி இடுப்பில் கை வைத்தாள். "அப்ப இந்த வூட்ல பச்சையா இருக்கறது நானும் தண்ணிக் கொடமும்தான். கொடத்தைத் தட்டி வைக்கலாமா, என்னைத் தட்டி வைக்கலாமா, ஒங்க நைனாவைக் கேளு."

கடைசியில் தேறியது பச்சை வேர்க்கடலை, தேங்காய், எள், பேரீச்சம்பழம், ஏலக்காய், உப்பு. எங்கள் மாவட்டத்தில் வேர்க்கடலைக்குப் பஞ்சமா? கேழ்வரகு மாவு கடையில் வாங்கினால் வறுத்திருப்பார்களோ என்று பயந்து, கேழ்வரகை வீட்டிலேயே ஊறவைத்து முளைகட்டி, ஃபேன் காற்றில் உலரவைத்து மிக்சியில் பொடித்தோம். வேர்க்கடலையை ஊறவைத்துத் தோல் உரித்தது நான். பட்டறையில் ஒரு வேலைக்கு ஐந்து ஆள் வைத்திருக்கிற முதலாளி, அடுப்பங்கரையில் முறத்தோடு உட்கார்ந்து கடலை உரித்தேன். பெண்ணைப் பெற்றவனுக்கு இதெல்லாம் உண்டு.

முதல் தடவை செய்ததை மொட்டை மாடியில் வைத்தோம். வானம் கறுத்துக்கொண்டே இருந்தது. நான் நாற்காலி போட்டுக் காவல் உட்கார்ந்தேன். கொஞ்சம் கண் அயர்ந்திருப்பேன். எழுந்து பார்த்தால் ஒரு பக்கம் அணில், இன்னொரு பக்கம் காக்கா, நடுவில் தூறல். அணில் தின்றிருந்ததைப் பார்த்து, "ருசி நல்லாத்தான் இருக்குது போல" என்று சொன்னேன். மகள் சிரிக்கவில்லை. படிக்கட்டில் உட்கார்ந்து அழுதாள்.

"அவங்க தண்ணி குடிச்சிட்டுப் போயிடுவாங்க நைனா. அவ்ளோதான்."

நான் கறாரான ஆள். பட்டறையில் எவன் அழுதாலும் எனக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் அன்றைக்கு ஈரத் துண்டோடு கீழே இறங்கி நேராகப் பட்டறைக்குப் போய், "ரெண்டு நாளைக்குக் கொப்பரை ஏத்த வேணாம்" என்று ஆட்களிடம் சொல்லிவிட்டேன்.

பட்டு நூலை வெயிலில் காய வைக்கக் கூடாது. இது தெரியாமல் சாயத்தொழிலுக்கு வந்து கெட்டவர்கள் உண்டு. நிழலில், காற்றோட்டமாக, மூங்கில்களில் மாட்டித் தொங்கவிட வேண்டும். அதற்கென்றே பட்டறைக்குப் பின்னால் நான் ஒரு கூடம் கட்டியிருக்கிறேன். காற்று எந்தப் பக்கம் வந்து எந்தப் பக்கம் போகவேண்டும் என்று கொத்தனாருக்கு நான்தான் ஜன்னல் வைக்கச் சொல்லிக்கொடுத்தேன். அடைமழையிலும் அந்தக் கூடத்தில் நூல் காயும். இஞ்சினியர் வைத்துக் கட்டியவர்கள் வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

கூடத்தைக் காலி செய்து, இரண்டு தரம் கழுவிவிட்டு, சாய வாசனை போக ஒரு ராத்திரி முழுக்கத் திறந்து போட்டேன். நூல் மாட்டுகிற மூங்கில்களைப் படுக்கவைத்து, அதன்மேல் புது வேட்டி ஒன்றை மேளத்தோல் மாதிரி இழுத்துக் கட்டினேன். தட்டில் வைத்தால் மேல்பக்கம் மட்டும்தான் காயும். துணியில் வைத்தால் கீழிருந்தும் காற்று ஏறும். இதை எந்த போனும் எனக்குச் சொல்லித்தரவில்லை. அதன்மேல் பிஸ்கட்டுகளை வரிசையாகத் தட்டிவைத்து, கொசுவலையால் மூடி, நாலு மூலையிலும் ஃபேன் போட்டுவிட்டேன்.

அன்று பார்த்து ஒரு நெசவாளி நூலுக்கு வந்துவிட்டார்.

"இன்னா மொதலாளி, நம்ம செவப்பு இன்னும் காயலையா?"

"ரெண்டு நாள் பொறுங்க. உள்ளே பிஸ்கட் காயுது."

அவர் எட்டிப் பார்த்தார். கொசுவலையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "இதுக்கு இன்னா கலரு ஏத்தப் போறீங்க? மாம்பழ மஞ்சளா?"

"ஜல்தி கெளம்புங்க. பேச்சு எச்சில் பட்டுடப் போவுது."

"கரை கட்டணும்னா சொல்லுங்க மொதலாளி, நம்ம தறி காலியாத்தான் கீது."

தெருவெல்லாம் பரவிவிட்டது. டீக்கடையில் என்னைப் பார்த்தால் நகர்ந்து உட்கார்ந்து இடம் கொடுக்கிறவர்கள்கூட அந்த இரண்டு நாளும், "பிஸ்கட் காஞ்சிடுச்சா?" என்று கேட்டுத்தான் இடம் கொடுத்தார்கள்.

இனி நான் சொல்லப்போவது எங்கள் தொழிலில் இருக்கிறவர்களுக்குப் புரியும். பட்டு காய்ந்துவிட்டதா என்று கையால் தொட்டுப் பார்த்தால் தெரியாது. சாயக்காரன் கை வெந்நீரிலும் சோடாவிலும் ஊறி மரத்துப்போன கை. நூல் கற்றையை, எங்கள் பேச்சில் சிட்டத்தை, எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்க்கவேண்டும். சில்லென்று இருந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது. சூடும் இல்லாமல் சில்லிப்பும் இல்லாமல், நம் தோல் மாதிரியே இருந்தால் எடுத்துவிடலாம். அதற்கு மேலும் காயவிட்டால் இழை முறுகி, தறியில் பொட்டுப்பொட்டென்று அறும். கொஞ்சம் மெத்தென்று இருக்கும்போதே இறக்குகிறவன்தான் தொழில் தெரிந்தவன்.

பழக்கம் எங்கே போகும்? நானும் பிஸ்கட்டை அப்படித்தான் பார்த்தேன். ஒரு பக்கம் வைத்துப் பார்த்து, திருப்பிப் போட்டு, சாயந்திரம் மறுபக்கம் பார்த்தேன். அவர்கள் வருகிற அன்று காலையில் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து, சரியான பதத்தில் இறக்கினேன்.

மகள் ஓடிவந்து ஒன்றை எடுத்து உடைக்கப் பார்த்தாள். உடையவில்லை. வளைந்தது. விட்டதும் மெதுவாக நிமிர்ந்தது.

"நைனா! இது வளையுது!"

"பதம்."

"இது பட்டு இல்ல நைனா, பிஸ்கட். மொறுமொறுன்னு ஒடையணும்!"

"ஒடையற பொருளை எதுக்கும்மா செய்யணும்? ஒடையறதுக்கா நான் ரெண்டு நாள் பட்டறையை மூடிகினு உக்காந்திருந்தேன்?"

"இன்னும் கொஞ்ச நேரம் வெச்சிருந்தா மொறுமொறுன்னு வந்திருக்கும். ஃபேனை ஏன் நிறுத்தினே?" அவள் இன்னொன்றை எடுத்து வளைத்துப் பார்த்தாள். "அவங்க எடுத்துப் பாத்து, செய்யத் தெரியலன்னு கீழ வெச்சிடுவாங்க."

மறுபடி வைக்க நேரம் இல்லை. தெள்ளாரிலிருந்து கார் கிளம்பிவிட்டதாகப் பையன் சொல்லிவிட்டான்.

வந்தார்கள். பையன், அவன் அப்பா, அந்த டீச்சரம்மா. நான் குண்டாக, கண்டிப்பான தோரணையில் ஒருவரை எதிர்பார்த்திருந்தேன். மெலிந்த தேகம், நேர் முதுகு, மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்க்கிற பார்வை. பழத்தட்டும் பூவும் கொண்டுவந்து வைத்தார்கள். நான் சொன்னபடியே வாழைப்பழம் இருந்தது. என் மனைவியைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினேன். அவள் கண்டுகொள்ளவில்லை.

என் மகள் நமஸ்காரம் சொல்லிவிட்டு அடுப்பங்கரை வாசற்படியில் நின்றாள். என் மனைவி வாழைக்காய் பஜ்ஜியும் கேசரியும் கொண்டுவந்து மற்றவர்கள் முன்னால் வைத்தாள். ஆவி பறந்தது. பையனின் அப்பா பஜ்ஜியைப் பார்த்தார், பிறகு தன் மனைவியைப் பார்த்தார், கையை மடியில் வைத்துக்கொண்டார். பையனும் அப்படியே. அந்த அம்மா கை வைக்காமல் அவர்கள் வைக்க மாட்டார்கள் என்று தெரிந்தது. பஜ்ஜி ஆறிக்கொண்டே இருந்தது.

டீச்சரம்மா தன் பையிலிருந்து பாட்டிலை எடுத்துத் தண்ணீர் குடித்தார். எங்கள் வீட்டுத் தண்ணீர் கூட இல்லை. வாசற்படியில் என் மகளின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

"உங்களுக்குன்னு தனியா செஞ்சிருக்கோம்மா" என்று நானே எழுந்துபோய்த் தட்டைக் கொண்டுவந்து வைத்தேன். "அடுப்புல ஏறாத பிஸ்கட்டு."

கண்ணாடிக்கு மேலாக அந்த அம்மா தட்டைப் பார்த்தார். "அடுப்புல வைக்கலையே? வெல்லம் கில்லம்?"

"ஒண்ணும் இல்லீங்க. எல்லாம் பச்சை. கேழ்வரகு கூட வூட்ல மொளைகட்டுனது."

"எதுல காய வெச்சீங்க? மெஷின் வெச்சிருக்கீங்களா?"

இந்தக் கேள்வியை மட்டும் அவர் கேட்டிருக்காவிட்டால் நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருப்பேன். மெஷின் என்றதும் எனக்கு ரோஷம் வந்துவிட்டது.

"மெஷினா? இந்த ஊர்ல வந்து இந்த வார்த்தையைக் கேக்கறீங்களே! எத்தினி வருஷமா நான் காய வைக்கிறேன் தெரியுமாம்மா? முகூர்த்தப் பட்டு எத்தினி பேருக்கு! ஃபேன் காத்து, வேட்டித் துணி, அவ்வளவுதான். ஈரம் போச்சான்னு பாக்கறதுக்குப் படிச்சவன் மீட்டர் வெச்சிருப்பான். எனக்கு இதுதான் மீட்டர்."

என்று சொல்லி என் கன்னத்தைத் தட்டிக் காட்டினேன்.

"கன்னமா?" என்றார் டீச்சரம்மா.

என் மனைவி பக்கத்தில் நின்றபடியே என் காலை மிதித்தாள். எதற்கு மிதிக்கிறாள் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை. "ஆமாங்க. கைக்குத் தெரியாது. எடுத்துக் கன்னத்துல வெச்சா சொல்லிடும். பட்டுக்கு அப்படித்தான், இதுக்கும் அப்படித்தான்."

"எல்லா பிஸ்கட்டையுமா?"

"ஒண்ணு விடாம. ரெண்டு பக்கமும்."

 பையன் தன் அப்பாவைப் பார்த்தான். வாசற்படியில் என் மகள் கண்களை மூடிக்கொண்டாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. மாட்டேன் என்று சொல்ல ஒரு காரணம் தேடிவந்தவருக்கு நானே தட்டில் வைத்துக் கொடுத்திருக்கிறேன். அந்நிய ஆம்பளையின் கன்னத்தில் ஒட்டி எடுத்த பண்டத்தை எந்த மகராசி தொடுவாள்? இனிமேல் இல்லை என்று மாற்றிச் சொல்லவும் வழியில்லை. பொய் சொல்ல எனக்கு வராது. அளந்து விடுவேன், அது வேறு.

டீச்சரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். பிள்ளைகளின் விடைத்தாளைத் திருத்த உட்காருகிற மாதிரி இருந்தது.

"சவரம் எப்ப பண்ணீங்க?"

"காலையில."

"பிஸ்கட்டுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

"முன்னாடிதாங்க. கரகரன்னு இருந்தா ஈரம் சரியாத் தெரியாது."

"சோப்பு?"

"நல்லாக் கழுவிட்டேங்க."

அந்த அம்மா தலையை ஆட்டினார். எதற்கு ஆட்டினார் என்று யாருக்கும் தெரியவில்லை. பிறகு வாசற்படியைப் பார்த்து, "இங்க வாம்மா" என்று என் மகளைக் கூப்பிட்டார். அவள் வந்து நின்றாள்.

"நீ துன்னு பாத்தியா இதை?"

மகள் என்னைப் பார்த்தாள். நான் கண்ணாலேயே, "நல்லா இருந்துச்சின்னு சொல்லு" என்றேன். அவள் என் பெண் ஆயிற்றே, கேட்பாளா?

"பாத்தேங்க. எனக்குப் புடிக்கல."

"ஏன்?"

"கடலை பச்சை வாசனை அடிக்குது. எனக்கு வறுத்த கடலைதாங்க புடிக்கும்." நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னாள். "உங்களுக்குத் தினமும் செஞ்சு தர்றேன். கத்துக்கிறேன். ஆனா நான் துன்ன மாட்டேங்க. இப்பவே சொல்லிடறேன்."

என் மனைவி சுவரைப் பிடித்துக்கொண்டாள். அப்பன் ஒரு பக்கம் கெடுத்தால் மகள் மறுபக்கம் கெடுக்கிறாளே என்று அவள் நினைத்திருப்பாள். நானும் அதைத்தான் நினைத்தேன்.

"இவனுக்கும் புடிக்காது" என்றார் டீச்சரம்மா, பையனைப் பார்க்காமலே. "ஆபீஸ்லேர்ந்து வர்ற வழியில பரோட்டா துன்னுட்டு வந்து, பசிக்கலம்மான்னு சொல்லுவான். சட்டையில சால்னா இருக்கும். நான் கேக்கறதில்ல."

பையனின் காது சிவந்துபோயிற்று.

"இவரு," என்று கணவரைக் காட்டினார். "காலையில நடக்கப் போறேன்னு போயி டிபன் துன்னுட்டு வர்றாரு. நான் யாரையும் துன்ன வேணாம்னு சொன்னதே கெடையாது. இவங்களா பயந்துக்கிறாங்க. போன ரெண்டு வீட்லயும் பொண்ணுங்களைக் கேட்டேன். ரெண்டு பொண்ணும், 'எனக்கும் பச்சைக் காய்னா உசுருங்க'ன்னு சொல்லிச்சுங்க. ஏற்கெனவே ரெண்டு பேரு வூட்ல எங்கிட்ட பொய் சொல்லிகினு இருக்காங்க. மூணாவதா ஒண்ணைக் கூட்டிகினு வந்து நான் இன்னா பண்றது?"

சொல்லிக்கொண்டே தட்டிலிருந்து ஒரு பிஸ்கட்டை எடுத்தார். வளைத்துப் பார்த்தார். அது வளைந்து நிமிர்ந்தது. கண்ணாடிக்குக் கீழாகவும் மேலாகவும் பார்த்தார். பிறகு, எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, அதைத் தன் கன்னத்தில் வைத்தார்.

"சில்லுன்னு இருக்குதே."

"அது ஃபேன் காத்துங்க."

"ஈரம்."

"வேணும்னுதாங்க விட்டது. அதுக்கு மேல காஞ்சா மொடமொடன்னு ஆயிடும்."

"நான் இன்வெர்ட்டர் மேல வெச்சுக் காய வைக்கிறேன். பலகை மாதிரி ஆயிடுது. போன மாசம் கடைவாய்ப் பல்லு ஒண்ணு போச்சு." சொல்லிவிட்டு ஒரு ஓரத்தைக் கடித்தார். மென்றார். அவர் தாடை அசைவதை நாங்கள் ஐந்து பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம். என் வாழ்க்கையில் ஒருவர் சாப்பிடுவதை நான் அப்படிப் பார்த்ததில்லை.

"உப்பு தூக்கல்" என்றார்.

"அது என் பொண்டாட்டி போட்டது" என்றேன்.

"எள்ளு பத்தல."

"அதுவும் அவதான்."

மீதியையும் வாயில் போட்டுக்கொண்டார். அப்புறம் இன்னொன்றை எடுத்தார். எடுத்துக்கொண்டே என் மகளிடம், "தெள்ளாரு வூட்ல அடுப்பு நல்லாத்தான் இருக்குது. நான்தான் ஏத்தறதில்ல. வந்து ஏத்திக்கோ. கடலை வறு, கொழம்பு வையி, இன்னா வேணும்னாலும் பண்ணு. ஜன்னலை மட்டும் தொறந்து வையி, எனக்கு வாசனை வந்தா நாக்கு ஊறும்" என்றார்.

 என் மகள் துப்பட்டாவால் மூக்கைத் துடைத்துக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினாள். என் மனைவி என் காலை மறுபடியும் மிதித்தாள். இந்தத் தடவை வலிக்கவில்லை.

அதற்குப் பிறகு நான் அந்த அம்மாவிடம் என் கூடத்தின் ஜன்னல்களைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன். காற்று எப்படி வருகிறது, கொத்தனார் எப்படி முதலில் தப்பாக வைத்தான், நான் எப்படி இடித்துத் திரும்பக் கட்டச் சொன்னேன் என்பதையெல்லாம் அவர் பிஸ்கட்டை மென்றபடி கேட்டுக்கொண்டிருந்தார். பாதியில் எனக்கு ஏதோ சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். பையன் முன்னால் இருந்த கேசரிக் கிண்ணம் வழித்துத் துடைத்த மாதிரி இருந்தது. அவன் அப்பாவின் தட்டில் இருந்த பஜ்ஜிகளும் போய்விட்டிருந்தன. என் பங்குக்கு வைத்திருந்த தட்டு எப்படியோ அவர் பக்கம் நகர்ந்திருந்தது.

வந்ததிலிருந்து அந்த மனுஷர் ஒரு வார்த்தை பேசவில்லை. கும்பிட்டதும் உட்கார்ந்ததும் மனைவி முகத்தைப் பார்த்ததும்தான். ஊமையோ என்றுகூட எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. கையில் பாதி கடித்த பஜ்ஜியோடு அவர் என் மகளை நிமிர்ந்து பார்த்தார்.

"சட்னி இருக்குதாம்மா?" என்றார்.

அவள் ஓடினாள்.